தார்ப்பாய்க்கு அடியில்

என் மகனுக்குக் காய்ச்சல் விட்டது. அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்த உடம்பு, இன்று காலையில் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது.

பிழைத்தான் என்று நினைத்தேன். ஒரு அப்பன் வேறு என்ன நினைப்பான்?

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு டயர் கடை. பஞ்சர் ஒட்டுவது, லாரி டயர் கழற்றி மாட்டுவது, பழைய டயர் வாங்கி விற்பது. கீழே கடை, மேலே வீடு, பின்னால் கேட் போட்ட முற்றம். முற்றம் முழுக்கப் பழைய டயர் குவியல். கேட் சாவி எப்போதும் என் பெல்ட்டில். மகனிடம்கூடக் கொடுக்க மாட்டேன். அதற்காக அவன் என்னோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. மகனைத் தெருவே ஜாக்கி என்றுதான் கூப்பிடும். இரும்பு ஜாக்கி மாதிரி எந்த வண்டியையும் தூக்கிவிடுவான் என்று வந்த பெயர். அவன் பெண்டாட்டி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவர்களுக்கு ஒரே பெண், குட்டி. இப்போதுதான் முன்பல் விழுந்திருக்கிறது.

மழை விட்ட கையோடு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து, டயர்களில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கணும் என்றது. கொசுக்காரம்மா என்று நானே பேர் வைத்தேன். இன்றைக்குத் தண்ணீரைப் பார்ப்பார்கள், நாளைக்கு லைசென்ஸைப் பார்ப்பார்கள், அதற்கு மறுநாள் கடையையே இழுத்து மூடுவார்கள். எனக்குத் தெரியாதா இவர்களை? சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அப்புறம்தான் ஜாக்கி படுத்தான். டெங்கு என்று ரத்தத்தில் வந்தது.

நேற்று வரை கதை இவ்வளவுதான்.

காலையில் மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, அவரை இன்னைக்குக் கீழ இறங்க விடாதீங்க. காய்ச்சல் விட்டதும் வர்ற ரெண்டு நாள்தான் ரொம்பக் கவனமா இருக்கணுமாம். இன்னைக்கும் ரத்தம் பாக்கணும்னு கிளினிக்ல சொல்லியிருக்காங்க. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"காய்ச்சல் இருந்தாலும் பயம், விட்டாலும் பயம். எப்பதான்மா பயம் இல்லன்னு சொல்லுவாங்க? உறிஞ்ச ரத்தம் இல்லாமப் போன அப்புறமா?"

"உங்களுக்கு எல்லாமே கேலி."

"கேலி இல்லம்மா. சூடு இறங்கினா வண்டி ஓடும். இது டாக்டருக்குத் தெரியாதுன்னா நான் சொல்லித் தர்றேன், வரச் சொல்லு."

"அவரு வண்டி இல்ல மாமா," என்றாள். அவள் என்னிடம் குரல் உயர்த்த மாட்டாள். உயர்த்தினால் பதிலுக்கு நானும் கத்திவிட்டுப் போய்விடுவேன். இது அப்படியே நெஞ்சில் நின்றது.

குட்டி பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி தொங்குது?"

"கால் வலிக்குது தாத்தா."

"பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடறதுக்குக் கால்தான் கிடைச்சுதா? நேத்து வயிறு, இன்னைக்குக் காலு. நாளைக்கு என்ன, மூக்கா?"

மருமகளும் நானும் சிரித்தோம். குட்டியும் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள். "சாயங்காலம் என் வீட்டைத் திறந்து விடுவீங்களா?"

"திறந்து விடறேன், போ."

ரெண்டு பேரும் போனார்கள். நான் கடையைத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பின்சக்கரம் ரெட்டை டயரில் உள் டயர் பஞ்சர். உள் டயர் என்றால் வெளி டயரையும் கழற்றியாக வேண்டும். இரும்பு ஜாக்கி போட்டு லாரியைத் தூக்கி, ஸ்பேனரில் குழாயைச் செருகி நட்டை இளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. டிரைவர் வாய் ஓயாத ஆள்.

"பெரியவரே, எங்க உங்க புள்ள? நீங்க இந்த நட்டைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள லாரியில இருக்கற சிமெண்டு கெட்டியாயிடும்."

"வாயை வச்சு நட்டைக் கழட்ட முடியும்னா உன்னையே கழட்டச் சொல்லுவேன்."

அந்தச் சத்தம் கேட்டு ஜாக்கி இறங்கி வந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. ஆனால் திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை.

"சும்மா உக்காந்து பாக்கறேன்ப்பா. மேல படுத்துக் கிடந்தா சுவரு நெருங்கி வர்ற மாதிரி இருக்கு."

"உக்காரு. எதையும் தொடாத."

எங்கே உட்கார்ந்தான்? குழாயைப் பிடித்து ரெண்டு நட்டை இளக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். எலும்பெல்லாம் யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி வலிக்கிறது என்றான்.

எங்கள் தொழிலில் வலி என்பது புதுசு இல்லை. லாரி டயர் தூக்குகிற எவனுக்கும் தோளும் இடுப்பும் வலிக்கும். அதற்கு ஒரு மாத்திரை உண்டு. வால்வு ஊசி போட்டு வைக்கிற தகர டப்பாவில், ஊசிகளோடு சேர்ந்து அந்தப் பட்டையும் கிடக்கும். யாருக்கு வலித்தாலும் ஒன்று பிய்த்து டீயோடு விழுங்குவோம். அரை மணியில் கை கால் லேசாகிவிடும். இத்தனை வருஷத்தில் அது என்னை ஏமாற்றியதில்லை. டாக்டர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ரெண்டைப் பிய்த்துக் கொடுத்தேன்.

"அவ வலிச்சாலும் கிளினிக்ல குடுத்ததைத்தான் போடச் சொன்னா," என்றான்.

"அது காய்ச்சலுக்கு. காய்ச்சல்தான் போயிடுச்சே. இது வலிக்கு. போடு."

போட்டான். அப்பா சொன்னால் போட்டுவிடுவான், கழுதை.

டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டை பெரிதாக இருந்தால் குமிழி சட்டென்று கிளம்பும். சின்ன ஓட்டை காட்டிக் கொடுக்காது. கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். நான் டியூபைத்தான் பார்த்தேன், மகனைப் பார்க்கவில்லை.

டிரைவர்தான் பார்த்தான்.

"பெரியவரே, உங்க புள்ள முகம் சரியில்ல."

கம்ப்ரசருக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான் ஜாக்கி. எடுத்து முடித்து நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். வயிற்றை ரெண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். காலையில் சில்லென்று இருந்ததே, அந்தச் சில் இல்லை இது. ராத்திரி வெளியில் கிடந்த இரும்பு ரிம்மை விடியற்காலையில் தொட்டால் எப்படி இருக்கும்? அப்படி. அதோடு ஈரம் வேறு.

"டேய்."

"தூக்கம் வருதுப்பா."

"தூங்காத. டேய், என்னைப் பாரு."

பார்த்தான். பார்வை என் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பல் ஓரத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது. டீக் கறை என்று நினைக்கப் பார்த்தேன். டீ சிவப்பாக இருக்காது.

வயதான காலத்தில் பொய் எதற்கு, அந்த நேரம் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. லாரியில் ஏற்றலாம் என்றால், சக்கரம் கழன்று இரும்பு ஜாக்கி மேல் நிற்கிறது. டிரைவர்தான் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்று, தொண்டை கிழியக் கத்தி ஒரு காரை மறித்தான். அவனே தூக்கி உள்ளே படுக்க வைத்தான். "நீங்க போங்க. லாரியும் கடையும் எங்கயும் ஓடிடாது" என்றான். காலையில் அவன் வாயைப் பற்றிப் பேசினேன். அந்த வாயால்தான் காரை நிறுத்தினான்.

மருமகள் எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள். ஜாக்கி கடையில் விட்டுவந்த போனிலிருந்து டிரைவர்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். புருஷன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள்.

நர்ஸ் அவன் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் நடந்து போனாள். கதவைத் தாண்டியதும் ஓடினாள். செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. பட்டையைக் கழற்றிய இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது, ஊசியால் குத்தின மாதிரி.

டாக்டர் வந்தாள். சின்னப் பெண். இவளா பார்க்கப்போகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. நகத்தை அமுக்கி விட்டுப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள். அவன் முனகினான். கடைசியாக ஒண்ணுக்குப் போனது எப்போது என்று கேட்டாள். எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. கையில் ஊசி ஏற்றி, பாட்டிலை மாட்டி, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் எங்களிடம் பேசினாள்.

"காய்ச்சல் எப்ப விட்டுது?"

"காலையில. விட்டுதுன்னு சந்தோஷப்பட்டோம்," என்றாள் மருமகள்.

"நிறையப் பேர் இங்கதான் ஏமாந்துடறாங்க. டெங்குல சூடு இறங்கற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு வெளிய போகும். உள்ள ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் இறங்கும், கை கால் சில்லிட்டுப் போகும்."

"மெதுவாக் காத்து இறங்கற டியூப் மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன் ஐயா."

"அப்ப ஓட்டையை அடைங்க."

"அதுக்கு ஒட்டு கிடையாதுங்க. தானா அடையும். அது அடையற வரைக்கும் பாத்துப் பாத்துத் தண்ணி ஏத்திக்கிட்டே இருக்கணும். குறைஞ்சாலும் ஆபத்து, அதிகமானா நுரையீரல்ல போய் நிக்கும்."

"கிருமியைக் கொல்ற மருந்து?"

"இதுக்குன்னு தனி மருந்து இல்லைங்க. கவனிக்கிறதுதான் வைத்தியம்."

மருந்தே இல்லையாம். வேறு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் இல்லாததை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் டாக்டர் அவள்தான். அது வேறு எனக்குப் பயத்தைக் கூட்டியது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில வலி மாத்திரைங்க டெங்குல ரத்தக் கசிவைக் கூட்டிடும். வயித்துக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சா நாங்க வேற மாதிரி தயாராகணும்."

"இல்ல டாக்டர்," என்றாள் மருமகள், பட்டென்று. "நான்தான் வேளை பாத்துக் குடுத்தேன். அது ஒண்ணுதான். வேற எதையும் தொடவிடல."

டாக்டர் என்னைப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

சொன்னால் என்ன நடக்கும் என்று ஓடியது புத்தி. கிழவன் மாத்திரை கொடுத்தான், அதனால்தான் என்று என் தலையில் கட்டிவிட்டு இவர்கள் கையைக் கழுவிக்கொள்வார்கள். ஒன்று ஆகிவிட்டால் கை காட்ட ஆள் கிடைத்துவிடும். எனக்குத் தெரியும் இவர்களை. தெரியும் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஜாக்கி இருமினான். மருமகள் அவன் வாயைத் துடைத்தாள். துணியைச் சட்டென்று மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள், நான் பார்த்துவிடக் கூடாது என்று. நான் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா, வெளிய வா."

"எதுக்கு மாமா? அவரை விட்டுட்டு…"

"வான்னு சொல்றேன்ல."

வராந்தாவுக்கு வந்தாள். சட்டைப் பையில் கை விட்டேன். மாத்திரைப் பட்டையைக் கடையிலேயே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. மறைக்கத்தானோ என்னவோ. எடுத்து நீட்டினேன்.

"ரெண்டு குடுத்தேன். காலையில. டீ குடிக்கறப்ப."

திட்டுவாள், அழுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நின்றேன். அவள் பட்டையைப் பிடுங்கி, அதன் பின்பக்க எழுத்தைப் படித்தாள்.

"ரெண்டா? கண்டிப்பா ரெண்டுதானே? அதுக்கு முன்னாடி? நேத்து?"

"இல்ல. ரெண்டுதான். என் பேத்தி மேல ஆணையா."

"அவ மேலல்லாம் ஆணை வைக்காதீங்க," என்றாள். சொல்லிவிட்டு ஓடினாள்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் பட்டையை வாங்கிப் பார்த்தாள், நர்ஸிடம் ஏதோ சொன்னாள். நர்ஸ் போனை எடுத்தாள். ரத்தம் தயாராக வைக்கச் சொல்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. யாரும் என் பக்கம் திரும்பி விரல் நீட்டவில்லை. விரல் நீட்ட அவர்களுக்கு நேரம் இல்லை. நீட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மருமகள் வந்து பெஞ்சில் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொன்னது நல்லதுன்னு சொன்னாங்க."

"பிழைச்சுக்குவானா?"

"அடுத்த ரத்தம் பாத்துட்டுத்தான் சொல்ல முடியுமாம்." அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க வேணும்னு குடுக்கலைன்னு எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சாலும் மன்னிப்பேனான்னு தெரியல."

வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு சத்தம். இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அதன் மேல் எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரர். கூடவே ஓடிவந்த அவர் பெண்டாட்டி எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணே, நீங்களுமா? நம்ம தெருவுக்கு என்னண்ணே ஆச்சு? பால்காரன் வீட்டுலயும் படுத்திருக்காங்களாம்!"

அவளுக்குப் பின்னாலேயே வந்தது அந்த அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச்சு. கொசுக்காரம்மா.

என்னைக் கண்டுபிடித்துவிட்டது. நேரே வந்து முன்னால் நின்றது. கத்தவில்லை. பார்த்தால் மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"ஐயா, உங்க தெருவுல ஒவ்வொரு வீடா பாத்துட்டோம். தொட்டி, பூச்சட்டி, மொட்டை மாடி எல்லாம் சுத்தம். பாக்காத இடம் ஒண்ணுதான். உங்க பின்முற்றம். பூட்டை உடைக்க உத்தரவு வாங்கலாம், ஆனா அதுக்கு நாளைக்கு ஆயிடும். அதுக்குள்ள இன்னும் எத்தனை பேரைக் கடிக்குமோ. சாவி கிடைச்சுதாங்க?"

பெல்ட்டில் தொங்குகிற சாவியை அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் கேட்டது.

எவனிடமும் கொடுக்காத சாவி. வளையத்தைப் பிரிக்க விரல் வரவில்லை. நகம் ரெண்டு தடவை வழுக்கியது. ஒரு வழியாகக் கழற்றி அந்த அம்மா கையில் வைத்தேன்.

"குவியல் மேல தார்ப்பாய் போட்டிருக்கேன்," என்றேன். "மழைத் தண்ணியெல்லாம் டயருக்குள்ளயேதான் நிக்குது. வெயில் படாது. நிறைய இருக்கும். பாத்துத் தூக்குங்க."

"தார்ப்பாயா? எப்ப போட்டீங்க?"

"நீங்க வந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கே."

அந்த அம்மா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பியது.

மருமகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமா, எந்தத் தார்ப்பாய்?"

"பச்சை…"

"குட்டி 'என் வீடு, என் வீடு'ன்னு சொல்றாளே, அதுவா?"

அதேதான். தினமும் சாயங்காலம் நான்தான் கேட்டைத் திறந்து விடுவேன். தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிப்பேன், பொம்மையோடு உள்ளே புகுந்துகொள்வாள். இருட்டுகிற வரைக்கும் டயர் மேல் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள். வெளியே வரும்போது கையையும் காலையும் சொறிந்துகொண்டே வருவாள்.

மருமகள் போனை எடுத்துப் பள்ளிக்கூடத்து நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"காலையில கால் வலிக்குதுன்னு சொன்னா மாமா," என்றாள். "நாம ரெண்டு பேரும் சிரிச்சோம்."